நிலக்கடலையைத் தின்னும் சிறு அந்து: அதை அடையாளம் காண்பது எப்படி?

திருவானைக்காவில் வாழும் நமக்குச் சிலந்தியின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. வெண்நாவல் மரத்தடியில் லிங்கத்தின் மேல் சருகு விழாதபடி பந்தல் நெய்த அச்சிலந்தி தம் இனத்தைச் சேர்ந்ததே என்று தறிக்கார அங்கத்தினர்கள் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. இம்மாதம் நாம் எழுத எடுத்துக்கொண்ட பொருளும் ஒரு நெசவாளியைப் பற்றியதே. ஆனால் இது காக்கும் பந்தல் நெய்யும் நெசவாளி அன்று. நம் கிடங்கில் விதைக்கடலையைத் தின்றுவிட்டு, மிஞ்சியதன் மேல் நூலாம்படை விரித்துச் செல்லும் நெசவாளி.

வைகாசி மாத இறுதியில் கிடங்கைத் திறந்தபோது சாக்குகளின் மேல் சாம்பல் நிறச் சிறு பூச்சிகள் பல அமர்ந்திருக்கக் கண்டோம். கொள்ளிடத்துக்கு வடக்கே மானாவாரி நிலமுடைய அங்கத்தினர்கள் ஆடிப் பட்டத்துக்கென ஒப்படைத்திருந்த விதைக்கடலை அது. ஐப்பசியில் காயாக வந்தது. மாசியில் நூல் கட்டுகள் மிகுதியாக வந்து இடம் போதாமற்போகவே, இடத்தைச் சுருக்கும் பொருட்டுக் காயை உடைத்துப் பருப்பாக்கிச் சாக்கில் கட்டி வைத்தோம். அது நாம் செய்த பிழை என்பதைப் பின்னர் உணர்ந்தோம். ஒரு மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டால் பருப்பு தனித்தனியாக வராமல் கொத்துக் கொத்தாகத் திரண்டு வந்தது.

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கருத்து வேறுபாடு எழுந்தது. விதைக்காரர்கள், "நூலுக்கு இடம் கொடுக்கப் போய் எங்கள் விதை கெட்டது" என்றனர். நெசவாளர்கள், "இந்த அந்து எங்கள் நூலையும் சேலையையும் அரித்துவிடும், கடலையை இன்றே வெளியேற்றுங்கள்" என்றனர். இது நெல் அந்துதான், நெல் மூட்டையிலிருந்து வந்தது என்று சிலர் சொல்ல, அன்று, இது வண்டு என்று வேறு சிலர் சொன்னார்கள். முதிய அங்கத்தினர் ஒருவர், "முன்பெல்லாம் பி.எச்.சி. பொடியைத் தூவுவோம், ஒன்றும் அண்டாது" என்றார். எல்லாவற்றையும் செக்குக்கு அனுப்பிவிட்டால் தொல்லை தீரும் என்றார் மற்றொருவர்.

இவற்றில் எதைச் செய்வதற்கு முன்னும் வந்திருக்கும் பூச்சி இன்னதென்று அறிய வேண்டும் என்று முடிவு செய்தோம். நோய் தெரியாமல் மருந்து கொடுப்பவனை வைத்தியன் என்று நாம் சொல்வதில்லை அல்லவா? அவ்வாறு அறிந்த முறையை அங்கத்தினர் யாவரும் தத்தம் வீட்டிலேயே கையாளலாம் என்பதால் இங்கே விளக்குகிறோம்.

வண்டா, அந்தா?

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இது. சேமித்த நிலக்கடலையைக் கெடுப்பவற்றுள் கடலை வண்டு ஒன்று உண்டு. காரிடான் செர்ரேட்டஸ் என்பது அதன் சாத்திரப் பெயர். ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீளமும், கரும்புள்ளிகள் கலந்த செம்பழுப்பு நிறமும், தடித்த பின்னந்தொடைகளும் உடையது. இதன் புழு ஓட்டைத் துளைத்து உட்சென்று பருப்பைத் தின்னும். வெளிவந்த இடத்தில் ஊசியால் குத்தியதுபோலன்றி, துளைப்பானால் இழைத்ததுபோல் வட்டமான துளை ஒன்று இருக்கும். காயின் மேல் காகிதம்போன்ற வெண்ணிறக் கூடு ஒட்டியிருப்பதும் உண்டு. இவ்வண்டு புளியம்பழத்திலும் வாழ்வது. ஆகவே புளியமரத்தடியில் கடலைக் காயை உலர்த்துவதும், புளியையும் கடலையையும் ஒரே அறையில் வைப்பதும் அதனை விருந்துக்கு அழைப்பதாகும்.

நம் மூட்டைகளில் வட்டத் துளையோ காகிதக் கூடோ இல்லை. அதற்கு மாறாக, பருப்புகளைப் பிணைத்து நின்ற வெண்ணிற இழை இருந்தது. கூட்டத்திலிருந்த தறிக்காரர் ஒருவர் அவ்விழையை விரலிடை உருட்டிப் பார்த்து, "இது சிலந்தி நூல் அன்று, பட்டுப்போல் புழு கக்கிய நூல்" என்றார். அவர் சொன்னது சரியே. வண்டின் புழு பருப்பைக் கொத்தாகக் கட்டுவதில்லை. அந்துப்பூச்சியின் புழுவே வாயிலிருந்து இழை விட்டு, தான் தின்னும் பொருளையும் தன் எச்சத்தையும் சேர்த்துப் பின்னி, அதற்குள் குழாய் அமைத்து வாழ்கிறது. நூலாம்படை இருந்தால் அந்து. வட்டத் துளை இருந்தால் வண்டு. இந்த ஒரு குறிப்பை நினைவில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

எந்த அந்து?

அந்து என்று நாம் பொதுவாகச் சொல்லும் பெயருக்குள் பல இனங்கள் அடங்கும். நம் வீடுகளிலும் கிடங்குகளிலும் காணக்கூடியவை நான்கு.

நெல் அந்து முதலாவது. சிட்டோட்ரோகா செரியலெல்லா எனப்படும் இது வைக்கோல் நிறமுடையது. இதன் பின்னிறக்கை குறுகி, நுனியில் விரல்போல் கூர்ந்து, ஓரத்தில் நீண்ட மயிர்க் குஞ்சம் தாங்கியிருக்கும். இதன் புழு ஒரே நெல்மணிக்குள் பிறந்து, அதற்குள்ளேயே வளர்ந்து கூட்டுப்புழுவாகும். வெளியே இழை விடுவதில்லை. வயலிலேயே கதிரைப் பற்றிக் களஞ்சியத்துக்கு வருவதும் உண்டு. நிலக்கடலை இதன் உணவன்று. எனவே நெல் மூட்டையின் மேல் சுமத்தப்பட்ட பழி நீங்கிற்று.

இரண்டாவது, ப்ளோடியா இன்டர்பங்டெல்லா. இறக்கையின் அடிப்பாகம் வெளிறிய சாம்பலாகவும், நுனிப்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு செம்பு நிறமாகவும் இருப்பதால், இரு வண்ணத்தில் நெய்த துணிபோல் தோன்றும். முந்திரிப் பருப்பு, பாதாம், உலர்ந்த திராட்சை முதலியவற்றை நாடும். மேல்நாட்டார் இதற்கு இட்ட பெயரில் 'இந்திய' என்ற சொல் வருவதைக் கண்டு இது நம் நாட்டினது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் மக்காச்சோள மாவுக்கு வழங்கிய பெயரிலிருந்து அச்சொல் வந்தது.

மூன்றாவது, காட்ரா காட்டெல்லா. சாம்பல் நிற இறக்கையின் குறுக்கே மங்கலான பட்டைகள் ஓடும். இதன் புழுவின் உடலில் ஒவ்வொரு மயிரின் அடியிலும் ஒரு கரும்புள்ளி உண்டு. புழு முழுவதும் புள்ளியிட்டதுபோல் காணப்படும்.

நான்காவது, அரிசி அந்து. கார்சைரா செபலோனிக்கா என்னும் பெயர்கொண்ட இதனை 1866-இல் ஸ்டெயின்டன் என்னும் ஆங்கிலப் பூச்சியியலார் முதலில் விவரித்தார். கார்சைரா என்பது கிரேக்க நாட்டில் இன்று கார்ஃபு எனப்படும் தீவின் பழம்பெயர். தீவில் வாழும் நமக்கு வேறொரு தீவின் பெயர் தாங்கிய பூச்சி வந்து சேர்ந்ததை வியப்பென்றே சொல்ல வேண்டும். இதன் முன்னிறக்கை மங்கிய சாம்பல் கலந்த பழுப்பு நிறமானது. பட்டையோ புள்ளியோ இராது. நரம்புகள் மட்டும் சற்றுக் கருத்துத் தெரியும். இறக்கையை விரித்தால் 15 முதல் 25 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஓய்ந்திருக்கையில் இறக்கையை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்ளும். அரிசி அந்து என்று பெயர் இருப்பினும் அரிசி, ரவை, கம்பு, சோளம், எள், நிலக்கடலை எதையும் இது விடுவதில்லை.

நாம் செய்த சோதனை

கொத்தாயிருந்த பருப்பில் ஒரு கைப்பிடியை எடுத்து, வாய் அகன்ற கண்ணாடிக் குப்பியில் இட்டு, மெல்லிய மல் துணியால் வாயைக் கட்டி, நிழலில் வைத்தோம். மூட்டையின் எண்ணையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதிக் குப்பியில் ஒட்டினோம். பூச்சியைப் பறக்கும்போது துரத்திப் பிடிப்பதைவிட இது எளிது. பருப்பிலிருந்தே பிறந்தது என்பதற்கு ஐயமற்ற சான்றும் ஆகும். கிடங்கில் பறக்கும் பூச்சி எங்கிருந்தும் வந்திருக்கலாம். குப்பிக்குள் பிறந்தது அப்பருப்பைத் தின்றதேயாகும்.

ஒன்பதாம் நாள் முதல் பூச்சிகள் வெளிவந்தன. அவற்றைப் பார்க்க உருப்பெருக்கிக்கு எங்கே போவது? துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணும் மடக்குக் கண்ணாடி நம் சங்கத்தில் இருக்கிறதே! அதனையே கொண்டு பார்த்தோம். இறக்கையில் பட்டை இல்லை. செம்பு நிறம் இல்லை. பின்னிறக்கை விரல்போல் கூரவில்லை. புழுவின் தலை பழுப்பு. உடல் வெண்ணெய் நிறம். மயிரடியில் கரும்புள்ளி இல்லை. பூச்சியின் முகத்தின் முன்னே இரு உணர் உறுப்புகள் உள்ளன. பெண்ணுக்கு அவை நீண்டு கூர்ந்து முன்னோக்கி நீளும். ஆணுக்குக் குட்டையாக மறைந்திருக்கும். நம் குப்பியில் இரண்டு வகையும் தெளிவாகத் தெரிந்தன. ஆகவே நம் கிடங்கிலுள்ளது அரிசி அந்தே என்று உறுதி செய்தோம்.

அதன் வாழ்க்கை

முதிர்ந்த பூச்சி ஒன்றையும் தின்பதில்லை. அது ஒரு வாரம்போல உயிர் வாழும். அதற்குள் பெண் பூச்சி நூறு முதல் இருநூறு வரை முட்டைகளைச் சாக்கின் மேலும், சுவரின் இடுக்கிலும், பருப்பின் நடுவிலும் இடும். நான்கைந்து நாளில் முட்டை பொரியும். புழு நான்கு முதல் ஐந்து வாரம் தின்று வளர்ந்து, கெட்டியான வெண்ணிறக் கூடு நெய்து அதற்குள் உறங்கி, பத்து நாளளவில் பூச்சியாகும். ஆகத் தலைமுறை ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மாதம். மாசியில் பருப்பாக்கி ஆடி வரை வைத்தால் மூன்று தலைமுறைக்கு இடம் கொடுத்தவர்களாகிறோம்.

பழுதற்ற கடலைக் காயின் ஓட்டை இளம்புழு எளிதில் துளைக்க இயலாது. உடைந்த காயும், உரித்த பருப்புமே அதற்கு வாயில். புழு பருப்பின் முனையிலுள்ள முளைக்கருவைக் கடித்துவிட்டால் மற்றப் பகுதி எவ்வளவு நன்றாயிருப்பினும் அது முளைக்காது. மேலுக்கு ஒரு சிறு கீறலாகத் தெரிவது நிலத்தில் ஒரு வெற்றிடமாக முடியும்.

நூலுக்கு ஆபத்து உண்டா?

இது நெசவாளர் கேட்ட நியாயமான கேள்வி. துணி அந்து எனப்படும் வேறோர் இனம் உண்டு. கம்பளி, மயிர், இறகு முதலிய விலங்குப் பொருள்களே அதன் உணவு. பட்டையும் அது தீண்டுவதுண்டு. அரிசி அந்து அவ்வகையைச் சேர்ந்ததன்று. பருத்தி நூல் அதற்கு உணவாகாது. உறையூர்ச் சேலையை அரிசி அந்து தின்றுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஆயினும் முற்றும் பயமில்லை என்றும் சொல்ல மாட்டோம். வளர்ந்த புழு கூடு கட்ட இடம் தேடி மூட்டையை விட்டு ஊர்ந்து செல்லும். வழியில் நூல் கட்டின் மடிப்போ, சேலையின் மடிப்போ அகப்பட்டால் அங்கே கூடு நெய்து அழுக்காக்கும்; தாளையும் மெல்லிய பையையும் கடித்துத் துளையிடவும் வல்லது. கறைபட்ட நூலின் மதிப்பு குறைவதை நாம் அறிவோம். இதுவன்றி, கஞ்சி தோய்த்த பாவை நாடி வருவன வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் எலியுமே. பாவில் அரிப்பு கண்டால் அவற்றைத் தேடுங்கள். எவ்வாறாயினும் நூலும் கடலையும் ஒரே அறையில் இருத்தல் இருவருக்கும் நஷ்டம். இதில் நெசவாளர், விதைக்காரர் இரு சாராரும் சொன்னதில் உண்மை இருந்தது.

செய்யத் தகாதவை

பி.எச்.சி. பொடியை இந்தியாவில் 1997-ஆம் ஆண்டு தடை செய்துவிட்டார்கள். நெடுங்காலம் மண்ணிலும் உடலிலும் தங்கும் நஞ்சு அது. உண்ணும் பருப்பில் எந்தப் பூச்சிக்கொல்லிப் பொடியையும் நேராகக் கலத்தல் ஆகாது. நச்சுப் புகை தரும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் பயிற்சியும் அனுமதியும் பெற்றவரே, மனிதர் குடியில்லாத, காற்றுப் புகாமல் மூடப்பட்ட இடத்தில் கையாள வேண்டும். நம் கிடங்கின் சுவரை ஒட்டித் தறிவீடுகள் இருக்கின்றன; அவற்றில் குழந்தைகள் உறங்குகின்றன. விதையைக் காக்க எண்ணி உயிரை இழக்கும் காரியத்துக்கு நாம் ஒருநாளும் உடன்பட முடியாது.

செக்குக்கு அனுப்பும் யோசனையும் எளிதில் ஏற்கத்தக்கதன்று. புழு கடித்த பருப்பில் ஈரம் சேர்ந்தால் பசும்பூஞ்சணம் படரும். அது அஃப்ளடாக்சின் என்னும் நச்சை உண்டாக்கும். 1960-இல் இங்கிலாந்தில் பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கு மேல் மாண்டன. அதன் காரணத்தை ஆராய்ந்தபோதே இந்நச்சு வெளிப்பட்டது. எண்ணெய் பிழிந்தால் நச்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். அதைத் தின்னும் கறவை மாட்டின் பாலிலும் அதன் ஒரு கூறு வெளிப்படும். கெட்ட பருப்பைச் செக்குக்கு அனுப்புபவர் அதனைத் தம் வீட்டுக் குழந்தையின் பால் தம்ளருக்கே அனுப்புகிறார் என்று அறிக. பூஞ்சணம் பிடித்தவற்றை எரித்தலே முறை.

நாம் செய்தவை

மூட்டைகளை ஒவ்வொன்றாக வெளியில் எடுத்துச் சலித்தோம். கொத்துகளையும் கூடுகளையும் சேர்த்து எரித்தோம். எஞ்சியதைக் கையால் பொறுக்கினோம். இதில் தறிவீட்டுப் பெண்கள் இரண்டு நாள் வந்து உதவியதை நன்றியுடன் குறிப்பிடுகிறோம். இழை அறுந்ததைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்குப் பருப்பின் கீறல் தப்பவில்லை. பின்னர் மூட்டைக்கு 100 பருப்பு வீதம் எடுத்து ஈரச் சாக்கில் சுருட்டி முளைப்புப் பார்த்தோம். சான்று பெற்ற நிலக்கடலை விதைக்கு 100-க்கு 70 முளைக்க வேண்டும் என்பது அரசு விதி. சில மூட்டைகள் அந்த அளவைத் தாண்டின. அவற்றையே விதைக்கு வழங்கினோம். சில தாண்டவில்லை. அவற்றுக்குரிய அங்கத்தினர்களிடம் உண்மையை மறைக்காமல் கூறினோம். அவர்கள் பட்ட வருத்தம் சிறிதன்று.

அடுத்த பருவத்துக்கு வைக்கும் முறையைக் கீழ்க்கண்டவாறு வகுத்திருக்கிறோம்:

1. விதைக்கடலையைக் காயாகவே வைத்தல் வேண்டும். விதைப்புக்கு ஓரிரு வாரம் முன்னரே உடைத்தல் போதும்.

2. காய் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் 100-க்கு 9 பங்குக்கு மேற்படலாகாது. குலுக்கினால் கலகலவென்று ஒலிக்க வேண்டும். ஆயினும் சித்திரை வெயிலில் சிமெண்டுத் தரையில் பரப்பினால் முளைப்புத் திறன் குறையும். இளவெயிலும் நிழலுமாக உலர்த்துக.

3. உடைந்த காய், முற்றாத காய், பூஞ்சணக் காய் ஆகியவற்றை ஒதுக்குக.

4. பழைய சாக்குகளைக் கொதிநீரில் இட்டு உலர்த்திய பிறகே பயன்படுத்துக. பூச்சி பெரும்பாலும் சாக்கின் தையலில் மறைந்தே புதிய சரக்குக்கு வருகிறது.

5. மூட்டைகளைத் தரையில் வையாமல் மரக்கட்டைகளின் மேல், சுவரிலிருந்து தள்ளி அடுக்குக. சுவர் இடுக்குகளைப் பூசி அடைக்க.

6. இரு வாரத்துக்கு ஒருமுறை விளக்குடன் சென்று சாக்கின் வெளிப்புறத்தைப் பார்க்க. இழை கண்ட மூட்டையை அன்றே தனியே எடுக்க.

7. சிறிதளவு விதை வைப்போர் காற்றுப் புகாத மூவடுக்குப் பையைப் பயன்படுத்தலாம். உள்ளே காற்று அற்றுப்போவதால் புழு பிழைப்பதில்லை. சரக்கு உலர்ந்திருத்தல் இதற்கு இன்றியமையாதது.

இப்பூச்சியின் மற்றொரு முகம்

இவ்வளவு தீமை செய்யும் அரிசி அந்துவை ஆராய்ச்சி நிலையங்களில் தட்டுகளில் வைத்து வளர்க்கிறார்கள் என்றால் அங்கத்தினர்கள் நம்புவார்களா? உடைத்த கம்போடு நிலக்கடலைத் தூளும் சிறிது ஈஸ்டும் கலந்து அதற்கு உணவாக இடுகிறார்கள். அது இடும் முட்டைகளை அட்டையில் ஒட்டி, டிரைக்கோகிரம்மா என்னும் மிகச் சிறு குளவியை விடுவார்கள். குளவி அம்முட்டைக்குள் தன் முட்டையை இடும். அந்த அட்டையைக் கரும்புத் தோட்டத்தில் கட்டினால் வெளிவரும் குளவிகள் இடைக்கணுப் புழுவின் முட்டைகளைத் தேடி அழிக்கும். ஒரு கன சென்டிமீட்டர் அளவில் 16,000 முதல் 20,000 வரை முட்டைகள் இருக்கும். தென்னையைக் கெடுக்கும் கருந்தலைப் புழுவின் மேல் விடும் ஒட்டுண்ணிகளையும் அரிசி அந்தின் புழுவைக் கொண்டே பெருக்குகிறார்கள். நம் தீவிலுள்ள தென்னந்தோப்புக்காரர்களும், கரும்பு பயிரிடும் அங்கத்தினர்களும் இவ்வகையில் இப்பூச்சிக்குக் கடன்பட்டவர்களே. கிடங்கில் பகையாயிருப்பது தட்டில் வேலைக்காரனாகிறது.

முடிவாக ஒரு வேண்டுகோள். வீட்டிலோ களத்திலோ ஐயத்துக்குரிய பூச்சியைக் கண்டால் நசுக்கிவிடாதீர்கள். தின்ற பொருளோடு ஒரு குப்பியில் இட்டு, துணியால் வாய்கட்டி, இடமும் தேதியும் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். இழை எண்ணும் கண்ணாடி அங்கே இருக்கிறது. நாம் சேர்ந்து பார்ப்போம். நம்மால் தீர்மானிக்க இயலாதவற்றைச் சிறுகமணியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, நாவலூர்க் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரிக்கோ எடுத்துச் சென்று கேட்கலாம்.

நூலுக்கும் கடலைக்கும் இடையே தடுப்புச் சுவர் ஒன்று எழுப்புவதென்று சென்ற கூட்டத்தில் தீர்மானித்தோம். விதைக்காரர்கள் செங்கல் தருவதாகவும், நெசவாளர்கள் ஆள்வேலை தருவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஐப்பசியில் புதுக்காய் வருமுன் சுவர் எழும்பிவிட வேண்டும். ஆகவே, வாக்களித்த அங்கத்தினர்கள் தத்தம் பங்கைப் புரட்டாசி முடிவதற்குள் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.